முக்கூரா இருந்த கூரை

கூரையில் சத்தம் இல்லை. விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓஸ்மரீனா அதை அப்போதுதான் கவனித்தாள். கவனித்ததும் துணி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

மழைக்காலம் முழுக்க, ஆற்றின்மேல் வெளிச்சம் மங்கி அக்கரை மரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கறுப்பாகிற இந்த நேரத்துக்கு, தலைக்கு மேலே பனையோலைக்குள் கரக் கரக் என்று ஒரு பிராண்டல் கிளம்பும். பிறகு ஒரு நகர்வு, ஓலைத் தூசு கொட்டும், அதோடு அழுகிய பூண்டும் மூத்திரமும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் இறங்கி வந்து அவர்கள் படுக்கிற தூளியிலும் துணியிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும். தினமும் அவள் துடைப்பக் கட்டையால் உத்தரத்தில் இடித்து, வாய்க்கு வந்தபடி அதைத் திட்டியிருக்கிறாள். இன்றைக்குத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

காரணம் அவளுக்குத் தெரியாதா என்ன? அந்தச் சத்தம் இன்று மத்தியானம் மிளகாய் போட்டுக் குழம்பாகி, வறுத்த மரவள்ளி மாவோடு சேர்ந்து, அவள் புருஷன் நில்டோவின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆனாலும் அவளுக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்குள் இருந்த ஒருவரைக் காணோம் என்பது போன்ற பயம்.

அந்த ஆற்றங்காலில் எல்லா வீடும் போல அவர்கள் வீடும் தண்ணீருக்குமேல் மரக்கால்களில் நின்றது. பலகைத் தரை, ஓலைக் கூரை, முன்னால் படகு கட்டும் பலகைத் துறை. நில்டோ அசாயிப் பனையில் ஏறிப் பழம் இறக்குவான். பழக்கூடைகளைத் துறையில் அடுக்கி, இரவு எலி வராமல் மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, மறுநாள் ஆற்றில் நீரேற்றம் வந்ததும் படகில் பட்டணத்துச் சந்தைக்குக் கொண்டுபோவான். நேற்று ராத்திரி அந்த விளக்கு இன்னொரு காரியத்துக்கும் பயன்பட்டது. முக்கூராவுக்கு விருந்து வைத்தார்கள்.

பெருச்சாளியைவிடப் பெரிசு, பூனையைவிடக் கொஞ்சம் சின்னது, வால் மட்டும் மொட்டை, வயிற்றுப் பையில் குட்டி சுமக்கிற பிராணி. அதற்குச் சாராயம் என்றால் உயிர். அந்தப் பக்கத்தில் யாராவது தலைகால் தெரியாமல் குடித்துவிட்டு வந்தால் முக்கூரா வந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

"நீ குடிக்கறதுக்கே பத்தாது, அதுக்கு வேற ஊத்துறியா?" என்று கேட்டாள் ஓஸ்மரீனா.

"வீட்டு வாடகை ஒரு நாளும் கேட்டதில்ல, விருந்தாவது வைப்போம்," என்று நில்டோ கரும்புச் சாராயத்தைச் சிரட்டையில் ஊற்றிக் கூடைகளுக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்துக்கு நேர் கீழே வைத்தான். "ராத்திரியெல்லாம் விளக்கு எரியட்டும். எறங்கி வர்றப்போ பார்க்கணும்."

விடியற்காலையில் அது சிரட்டைக்குப் பக்கத்தில் கால் பரப்பிக் கிடந்தது. நில்டோ துடுப்பால் தட்டினான். வாய் பிளந்து, நாக்குத் தொங்கி, செத்த மாதிரி விறைத்தது. வாலடியிலிருந்து பச்சையாக ஏதோ கசிந்து, நாற்றம் துறையையே அடைத்தது.

"நடிக்கிறா பாரு! போன திருவிழால உன் தம்பி எங்கம்மா வாசல்ல கெடந்தானே, அச்சு அசல்!"

அவள்கூடச் சிரித்துவிட்டாள். அவன் கத்தியை எடுத்ததும் உள்ளே போயிருக்கலாம், போகவில்லை. தோலை உரித்துக்கொண்டு வந்தவன் வயிற்றுப் பக்கம் வந்ததும் நிறுத்தி, "அட" என்றான். பைக்குள் குட்டிகள். மொச்சைக் கொட்டை அளவுதான், கண் திறக்காதவை, ரோமம் இல்லாதவை. தாய் செத்தது தெரியாமல் காம்பைக் கவ்வியபடி உறிஞ்சிக்கொண்டிருந்தன.

ஓஸ்மரீனாவின் கை தன் வயிற்றுக்குப் போனது. இதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு தங்கவில்லை. இந்த ஒன்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, நல்லா உதைக்கிறது, இடப்பக்கமாக உருண்டு படுக்கிறது. பெலேம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் அதன் இதயச் சத்தத்தை ஒரு கருவியில் கேட்கவிட்டார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் நர்ஸ் பயந்துபோனாள்.

"தண்ணில போட்டுடாத, நில்டோ."

"பின்ன? நீயா பால் குடுக்கப் போற?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பி நின்று, அவள் பார்க்காதபடி, ஆற்றில் போட்டான். சத்தமே கேட்கவில்லை, அவ்வளவு சின்னது.

கறி வாசம் கால்வாய் தாண்டிப் போயிருக்க வேண்டும். எதிர்வீட்டு க்ரெமில்டா அக்கா தானே துடுப்புப் போட்டு, தட்டும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

"அடுப்புல என்னடி கொதிக்குது? உன் நாத்தனாரா?"

"அவ்வளவு நாத்தம் இல்லக்கா, வெறும் முக்கூராதான்," என்றாள் ஓஸ்மரீனா.

மூவரும் உட்கார்ந்தார்கள். ஓஸ்மரீனா ஒரு துண்டை எடுக்கக் கை நீட்டினாள், அக்கா அந்தக் கையில் பட்டென்று ஒரு போடு போட்டாள்.

"வைடீ அதை! வயித்துப் புள்ளக்காரி புருஷன் அடிச்ச கறியைத் தின்னா அவனுக்குப் பனேமா புடிச்சுக்கும், தெரியாது? வலையில மீன் விழாது, கை வழுக்கும், மரத்துலருந்து கீழ வருவான். நீ அசாயியைக் குடி. ரத்தம் ஊறும்."

"ஆமா, அவ அசாயியே குடிக்கட்டும்," என்றான் நில்டோ. பனேமா என்றால் அவனுக்கு உள்ளூர நடுக்கம். துரதிர்ஷ்டம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் போகாது என்று நம்புகிறவன்.

துறையில் இருந்த கூடையிலிருந்து அவள் பழத்தை அள்ளி ஊறவைத்தாள். சுகாதாரப் பெண் இவோனே ஒவ்வொரு முறை வரும்போதும் தலைப்பாடாக அடித்துக்கொள்வாள், விரல் வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் ஊற்றி எடுத்த பிறகுதான் பிசைய வேண்டும் என்று. அப்படிச் செய்தால் ருசி செத்துவிடும் என்பது ஆற்றங்கால் முழுவதற்கும் ஒரே பேச்சு. என்றாலும் இந்தப் பிள்ளைக்காக ஓஸ்மரீனா தவறாமல் செய்துவந்தாள். இன்று இருக்கிற ஒரே அடுப்பில் முக்கூரா கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வேளைதானே என்று வெதுவெதுப்பான தண்ணீரிலேயே ஊறவைத்து, கையால் பிசைந்து, சல்லடையில் வடித்து, பொரித்த இறாலோடு வயிறு முட்டக் குடித்தாள். நகக்கண்ணெல்லாம் ஊதா ஏறியிருந்தது.

சாயங்கால ஏற்றத்தில் நில்டோ மற்ற கூடைகளோடு கிளம்பினான். நாளை மத்தியானம் வந்துவிடுவான். "கதவைச் சாத்திக்க. இன்னைக்காவது நிம்மதியாத் தூங்கு, மேல யாரும் இல்ல," என்றான்.

மேலே யாரும் இல்லை.

ஓஸ்மரீனா விளக்கை ஏற்றிக் கொக்கியில் மாட்டினாள். நாற்றம் மட்டும் போகவில்லை. செத்த பிறகும் அது அங்கேயே குடியிருக்கிற மாதிரி ஓலையிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. தவளைகள் கத்தின. தண்ணீர் வடிய ஆரம்பித்து, மரக்கால்களைச் சுற்றிச் சேறு கொப்புளம் விடும் சத்தம் கேட்டது. அவள் பாத்திரத்தை எடுத்துவைத்தாள், துணி மடித்தாள், மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். காது மட்டும் கூரையிலேயே இருந்தது.

பொத்.

தரையில் ஏதோ விழுந்தது. அசாயிக் கொட்டையாக இருக்கும் என்று நினைத்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்தபோது அந்தக் கொட்டை நடந்தது.

விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். பழுப்பு. ஓரத்தில் ஆரஞ்சுக் கோடுகள். ஊசி போன்ற மூஞ்சி. உடம்பு தாளைப் போலத் தட்டையாக, உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு அதைத் தெரியும், அங்கே எல்லோருக்கும் தெரியும். தூங்குகிறவர்களின் முகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் அதற்குச் சவரக்காரன் என்று பேர்.

இவோனே இதே பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "நோய் பூச்சியோடது இல்ல, ஓஸ்மரீனா. அது வெறும் தூக்கிட்டு வர்றவன். நோய் குடியிருக்கறது முக்கூராவுக்குள்ள. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர். ரத்தத்துல இருக்கும், வாலடியில இருக்கற அந்த நாத்தப் பையில கூட இருக்கும். முக்கூராவுக்கு ஒண்ணும் ஆகாது, ஆயுசு பூரா சுமந்துக்கிட்டு ஜாலியாச் சுத்தும். நமக்குத்தான் நெஞ்சுல போய் உக்காரும். பூச்சி கடிக்கறதால வராது, கடிச்ச எடத்துல அது பேண்டு வைக்கும், நாம சொறிவோம், அதான் வழி. பழத்தோட பிசைஞ்சு குடிச்சா இன்னும் மோசம், அதுக்குத்தான் சுடுதண்ணி. அதனால நசுக்காத. சொறியாத. வாசல்ல விளக்கு வைக்காத, வெளிச்சத்துக்குப் பறந்து வரும்."

அப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். க்ரெமில்டா அக்காவின் தம்பி ஆதமோர் எப்படிப் போனான் என்பதும் ஆற்றங்காலுக்கே தெரியும். பனையில் பாதி ஏறியவன் நின்றுவிட்டான். ஏதோ யோசிக்கிறான் என்று கீழே இருந்தவர்கள் கேலி செய்தார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே அவன் நெஞ்சு நின்றுபோயிருந்தது.

அவள் ஒரு தகரக் குவளையை எடுத்துப் பூச்சியின்மேல் கவிழ்த்தாள்.

பொத்.

இன்னொன்று, அடுப்புப் பக்கம். அதைத் தேடுவதற்குள் தூளிக்குப் பின்னால் ஒன்று.  இத்தனை மாதம் ஏன் ஒன்றுகூடக் கீழே வரவில்லை? ஏனென்றால் அவற்றுக்கு மேலேயே சாப்பாடு இருந்தது. சூடான, ரத்தமுள்ள, அசையாமல் தூங்குகிற ஓர் உடம்பு. அந்தத் தட்டைத்தான் இன்று காலையில் பிடுங்கியாகிவிட்டது. இப்போது இந்த வீட்டில் சூடாக இருப்பது அவள் மட்டும்தான். அவளும் பிள்ளையும்.

விளக்கைக் கழற்றி மேலே தூக்கிப் பிடித்தாள். முக்கூராவின் கூடு இருந்த மூலையில் ஓலை அசைந்தது. காற்று இல்லை. ஒவ்வொரு இலை இடுக்கிலிருந்தும் மெல்லிய கொம்புகள் நீண்டு, வெளிச்சத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஆடின. ஒன்று இரண்டல்ல. ஓலையின் நிறமே அவற்றின் நிறம்தான்.

துறைக்கு ஓடினாள். "அக்கா! க்ரெமில்டாக்கா!"

கால்வாயின் அந்தப் பக்கம் இருட்டு. தவளைகள் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தன. சின்னத் தோணி தண்ணீர் வடிந்த சேற்றில் சாய்ந்து கிடந்தது. இந்த வயிற்றோடு அதை யார் தள்ளுவது? சேற்றில் இறங்கினால் இடுப்புவரை புதையும். தண்ணீர் திரும்ப வரும்வரை எங்கேயும் போக முடியாது. சரி, இங்கேயே உட்கார்ந்துவிடலாம், வெட்டவெளியில், கூரை இல்லாத இடத்தில், என்று விளக்கைக் கீழே வைத்தாள்.

வைத்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருந்தது. சிரட்டை இருந்த தடம். பக்கத்தில் அவள் மத்தியானம் பழம் அள்ளிய கூடை.

நேற்று ராத்திரி விளக்கு இங்கேதான் எரிந்தது. விடிய விடிய. பழத்துக்கு நேர் மேலே.

 அவள் துறை ஓரத்தில் கவிழ்க்காமல் விட்டிருந்த சல்லடையை இழுத்து, காய்ந்துபோன சக்கையை விரலால் கிளறினாள். தோல். நார். தோல். கறுப்பாக ஒரு துணுக்கு, அதுவும் தோல்தான். பிறகு ஒரு துண்டு, தட்டையாக, ஓரத்தில் ஆரஞ்சுக் கோடுகளோடு. பாதி உடம்பு. ஒரு கால் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுபாதியைத் தேடினாள். சக்கை முழுவதையும் பலகையில் கொட்டி, விளக்கைக் கிட்டத்தில் வைத்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் தேடினாள். இல்லை. கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணத்திலும் இல்லை. கிண்ணத்தை அவள் மத்தியானம் விரலால் வழித்து நக்கியிருந்தாள்.

நில்டோவும் அக்காவும் தின்றது கொதித்த கறி. அவனுக்குப் பனேமா வராது.

தொண்டைக்குள் விரல் விட்டாள். ஊதா நீர் கொஞ்சம் வந்தது. மறுபடி விட்டாள். வெறும் உமிழ்நீர். "எனக்கு வந்தா வரட்டும்," என்று சத்தமாகவே சொன்னாள், யாரிடம் என்று அவளுக்கே தெரியாது. "எனக்கு மட்டும். அதுகிட்டப் போகக் கூடாது." உள்ளே பிள்ளை உருண்டு இடப்பக்கமாகப் படுத்தது.

விளக்கைச் சுற்றிக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பொடிப் பூச்சிகள், ஈசல், பிறகு கனமான சிறகோடு ஒன்று அவள் தோளில் இடித்துப் பலகையில் விழுந்தது. காட்டிலிருந்தும் வருகின்றன. வெளியே வெளிச்சம். உள்ளே கூரை. அணைத்தால் இருட்டு.

கொசுவலை இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் அழுகையே வந்துவிட்டது. புது வலை, பிள்ளைக்கென்று நில்டோ வாங்கியது, ஓர் ஓட்டை இல்லை. விளக்கோடு உள்ளே போனாள். உத்தரத்தில் சுருட்டிக் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்துத் தூளியைச் சுற்றி இறக்கினாள். தூளிக்குள் ஏறி, வலையின் ஓரங்களைத் தனக்கு அடியில் இழுத்து இழுத்துச் செருகினாள். தலைமாட்டில், கால்மாட்டில், இடுப்புக்குக் கீழே. ஓர் எறும்பு நுழைய இடமில்லை. கடைசியாகக் கையை மட்டும் வெளியே நீட்டி, இவோனே சொன்னபடி, விளக்கை அணைத்தாள்.

இருட்டு.

பொத். தரையில்.

பொத்.

வலைமேல் ஒன்று விழுந்தது. நடந்தது. ஆறு கால்களும் நூலைப் பற்றிப் பற்றி, அவள் முகத்துக்கு நேராக. அவள் ஊதினாள். போய்விட்டது. இன்னொன்று. விடிந்ததும் அக்காவைக் கூப்பிடலாம். இவோனேயிடம் போகலாம். மருந்து இருக்கிறதாம், சீக்கிரம் வந்தால் பிழைக்கலாமாம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அந்த மருந்தைக் கொடுப்பார்களா? அதை அன்றைக்குக் கேட்கவில்லை. வேண்டியதைக் கேட்காமல் காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டோமே.

"தூங்குடா. அம்மா இருக்கேன்," என்றாள் பிள்ளையிடம். இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். தூங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

கரக். கரக்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவளுக்கு நினைவு வந்தது. ஓலையில் அதே பிராண்டல், அதே பழைய தாளம். வந்துவிட்டது. செத்த மாதிரி நடித்திருக்கிறது, திருட்டு முக்கூரா, தோலை உரித்த பிறகும் நடித்திருக்கிறது. அரைத்தூக்கத்தில் அவளுக்கு அது கொஞ்சமும் விபரீதமாகப் படவில்லை. உடம்பெல்லாம் இளகியது. நன்றியில் கண்ணீர் வந்தது. மேலே அது இருக்கிறது. குட்டிகளும் இருக்கின்றன. பூச்சிகளுக்குச் சாப்பாடு இருக்கிறது. இனி எதுவும் கீழே வராது.

கண்ணைத் திறந்தாள். இடக்கண் திறந்தது. வலக்கண் திறக்கவில்லை. இமை ஒரு பழத்தின் கனத்தோடு கன்னத்தில் இறங்கிக் கிடந்தது.

சாம்பல் வெளிச்சம். விடியப்போகிறது. கூரை அசையாமல் இருந்தது. ஓலையில் ஒரு தூசுகூட உதிரவில்லை.

கரக். கரக்.

கிட்டத்தில்.

வலையின் மடிப்புகளைப் பார்த்தாள். நேற்றுப் பகல் முழுவதும் சுருட்டிய வலை அந்தக் கூட்டுக்கு நேர் கீழேதான் தொங்கியது. மடிப்புகளில் பூச்சிகள் உரித்துப்போட்ட காலித் தோல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்பக்கம். எல்லாம் உள்பக்கம்.

குனிந்து பார்த்தாள்.

சட்டை மார்புவரை சுருண்டிருந்தது. வயிற்றின்மேல் அவை உட்கார்ந்திருந்தன, அருகருகே, அவசரமில்லாமல். தட்டையாக இருந்தவை இப்போது உருண்டு, கறுத்து, பழுத்த அசாயிப் பழங்கள்போல மினுங்கின. உள்ளே பிள்ளை உதைத்தது. தோல் எழும்பியது. அவையும் எழும்பி, அமர்ந்தன. குடித்து முடித்த ஒன்று நிதானமாகத் திரும்பி நின்று, ஒரு கறுப்புத் துளியை விட்டுவிட்டு நகர்ந்தது.

அந்தத் துளியின்மேல் ஒரு கை வந்தது. நகக்கண்ணெல்லாம் ஊதா ஏறிய கை. அவள் கை. சிவந்து கீறிக் கிழிந்திருந்த தோலில் அந்த ஈரத்தை இழுத்து இழுத்துத் தேய்த்தது.

நிறுத்து என்றாள். வாய் திறந்தே சொன்னாள்.

பிள்ளை உதைத்தது.

கரக். கரக்.